ஏழாவது கதிரை

லண்டனில் ஜூரிக் கடமைக்கு அழைப்பு வந்தால் எங்கள் சனம் செய்கிற முதல் வேலை, அதிலிருந்து எப்படித் தப்பலாம் என்று நாலு பேரிடம் விசாரிப்பதுதான். நாரி நோவென்று எழுது என்பார் ஒருவர். இங்கிலீஷ் விளங்காதென்று எழுது என்பார் இன்னொருவர். அவர் முப்பது வருஷமாக இங்கிலீஷில் சண்டை பிடித்துக் கடை நடத்துகிறவராக இருப்பார். கிங்ஸ்பரியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் தனியே இருக்கும் கலாவதி யாரிடமும் விசாரிக்கவில்லை. வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் வட லண்டன் எட்மண்டனில் இருக்கும் மகனுக்குச் சொன்னாள்.

"உங்களுக்கென்ன விசரே அம்மா?" என்று போனில் துள்ளினான் ரதீசன். "கள்ளரும் காடையரும் வாற இடம். ஏலாது எண்டு ஒரு வரி எழுதினால் விட்டிடுவாங்கள். நான் எழுதிப் போடட்டே?"

"வேண்டாம் தம்பி. நான் போறன்."

"போய் என்ன செய்யப் போறீங்கள்?"

"நான் என்ன நினைக்கிறன் எண்டு கேட்கினமாம். சொல்லப் போறன்."

ரதீசன் சிரித்தான். அவன் சிரித்ததில் பிழையில்லை. கலாவதி என்ன நினைக்கிறாள் என்று அந்தக் குடும்பத்தில் எவரும் கேட்டுப் பழக்கமில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு ஜெர்மனிக்குப் போவதென்று முடிவெடுத்தது அவள் கணவர் நித்தியானந்தன். பிள்ளை இங்கிலீஷில் படிக்க வேண்டுமென்று ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்ததும் அவர் முடிவுதான். கடை எடுத்ததும் அவர், கடையை விற்றதும் அவர், வரவேற்பறைக் கம்பளம் கபில நிறமாக இருக்க வேண்டுமென்றதும் அவர். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. மாரடைப்பு வந்து போனபோதும் மனுசன் ஒரு வார்த்தை கேட்காமல்தான் போனார்.

அதன் பிறகு கலாவதி ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். சனங்கள் தாங்களே பொருளைக் காட்டித் தாங்களே காசு கட்டுகிற மெஷின்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குக் காவல் நிற்கும் வேலை. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தால் அவள் போக வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையை வைத்தால் விளக்குப் பச்சையாகும். அவ்வளவுதான் உத்தியோகம். மெஷின் ஓயாமல் பேசும், அவள் பேச வேண்டியதில்லை. ஒரு ஷிப்ட் முழுக்க அவள் வாயிலிருந்து வரும் வார்த்தைகளை அள்ளிப் போட்டால் ஒரு சிரட்டை நிரம்பாது. வீட்டுக்கு வந்தால் ரைஸ் குக்கர், டிவி, ஞாயிற்றுக்கிழமையில் மகனின் போன். மருமகள் நல்ல பிள்ளைதான். ஆனால் அவளுக்கும் வேலை, அவனுக்கும் வேலை, நடுவில் நோர்த் சேர்குலர் ரோடும் அதன் ட்ராபிக்கும்.

ஆகவே கோர்ட்டுக்குப் போகிற நாளன்று கலாவதி நல்ல கோட் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தலைக்கு மை கூடப் பூசினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய மண்டபமொன்றில் காத்திருக்க வைத்து, சீட்டுக் குலுக்கிப் பெயர் கூப்பிட்டார்கள். குற்றவாளியா இல்லையா என்று இந்த நாட்டில் தீர்மானிப்பது நீதிபதி அல்ல, வீதியில் போகிற வருகிற பன்னிரண்டு பேர். ஏழாவதாக வந்தது கலாவதியின் பெயர். சத்தியம் செய்யக் கையில் கீதையைக் கொடுத்தார்கள். அவள் சைவக்காரி, தேவாரப் புத்தகத்தைக் கொடுத்திருந்தால் கை நடுங்கியிருக்கும். கீதையை வாழ்நாளில் திறந்து பார்த்தவளில்லை. இருந்தும், சாட்சியங்களைப் பார்த்து உண்மையான தீர்ப்புச் சொல்வேன் என்று அட்டையில் இருந்ததை அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தாள். நீதிபதி, சட்டத்தரணிகள், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த மனிதன் என்று அத்தனை பேரும் வேறு சத்தமில்லாமல் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூண்டுக்குள் இருந்தவன் பெயர் டெரிக். வாகன ரயர் கடையில் வேலை செய்கிறவன், நாற்பது வயதிருக்கும். ஒரு மாரிக்கால மாலையில் பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஒருவரை இரும்புக் கம்பியால் தலையில் அடித்து, ஒரு கண்ணின் பார்வையைப் போக்கிவிட்டான் என்பது வழக்கு. அடிபட்டவருக்கு அடித்தவனின் முகம் ஞாபகமில்லை. சாட்சி ஒரே ஒருவர்தான். ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து பார்த்தாராம். பிறகு பொலிஸ் காட்டிய வீடியோவில் பல முகங்களுக்குள் டெரிக்கின் முகத்தைக் காட்டி, இவன்தான் என்றாராம். தான் அந்த நேரம் தாயின் வீட்டில் இருந்ததாக டெரிக் சொன்னான். அதைச் சொல்ல அவனுக்கு இருந்த ஆளும் தாய் மட்டும்தான். அந்தக் கிழவி சாட்சிக்கூண்டில் ஏறி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, இறங்கிப் போய்ப் பார்வையாளர் வாங்கில் இருந்தாள். அன்றிலிருந்து வழக்கு முடியும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

நீதிபதி ஒரு பெண். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஜூரிமாரிடம் கண்டிப்பாகச் சொன்னார். இந்த வழக்கைப் பற்றி வெளியே யாரோடும் பேசக்கூடாது, வீட்டிலும் பேசக்கூடாது. இன்ரநெற்றில் எதையும் தேடிப் பார்க்கக்கூடாது. இந்த அறையில் கேட்டதை மட்டும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். உங்களில் யாராவது இதை மீறியது தெரிந்தால் உடனே எனக்குச் சொல்ல வேண்டும். ஜூரி அறைக்குள் பேசுவதை வழக்கு முடிந்த பின்பும், சாகும்வரைக்கும், யாருக்கும் சொல்லக்கூடாது.

வீட்டில் பேசக்கூடாது என்றதும் கலாவதிக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அது ஒரு கஷ்டமா?

எட்டாவது கதிரையில் இருந்தவன் கெவின். வீடு வீடாகப் போய்ச் சுடுதண்ணிப் பொயிலர் திருத்துகிறவன், வாய்க்காரன். முதல்நாள் இடைவேளையிலேயே இரண்டு கப் தேத்தண்ணியோடு வந்து, ஒன்றை அவள் முன்னால் வைத்தான்.

"சீனி போட்டிருக்கிறேன். உங்களைப் பார்த்தால் சீனி போடுகிற ஆள் மாதிரித் தெரிந்தது. சரியா, கலா?"

சரிதான். நித்தியானந்தனுக்கு நீரிழிவு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சீனி நின்றுபோனது; மனுசன் போன பின்பும் அவள் தனக்கென்று வாங்கவில்லை. அந்தத் தேத்தண்ணியை அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அதற்குப் பிறகு கெவின் அவளிடம் எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் கேட்டான். கன்ரீன் சூப் எப்படி, கலா? அந்தச் சட்டத்தரணியின் சப்பாத்து எப்படி, கலா? என் பெண்சாதி என்னை விட்டுப் போனது சரியா பிழையா, கலா? "ஒருநாள் முழுக்க உங்களோடு இருந்து பார்த்தால் சரி போலத்தான் இருக்கு" என்று அவள் ஒருநாள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்தாள். கெவின் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். அடி ஆத்தை, நான் பகிடி விட்டிட்டன் என்று கலாவதிக்கே நம்ப முடியவில்லை.

அடுத்தநாள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒருவர் மேல் பிரியம் வந்துவிட்டால் அது முதலில் எண்ணெய்ச் சட்டியில்தான் தெரியும். ஆட்டிறைச்சி ஒரு பெட்டி, மரக்கறி ஒரு பெட்டி. தலைமை ஜூரராக இருந்த மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற ரீச்சர், அறிவு நிறைந்த முகத்தோடு இது எந்தச் சமயப் பண்டிகைக்கு என்று கேட்டாள். "ஒண்டுக்கும் இல்லை, சும்மா" என்றாள் கலாவதி. பெட்டி காலியாகத் திரும்பி வந்தது. காலிப் பெட்டியைக் கழுவும்போது வீட்டுச் சமையலறையில் நின்று அவள் பாட்டு முணுமுணுத்தாள்.

வழக்கின் சாட்சியமெல்லாம் முடிந்த மாலை அது. மறுநாள் ஜூரிமார் உள்ளே போய்த் தீர்மானிக்க வேண்டும். மழை. கெவின் தன் குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன்வரை அவளோடு நடந்தான். வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்காமல் வந்தவன், ஸ்டேஷன் வாசலில் நின்று சொன்னான்:

"நான் தேடிப் பார்த்துவிட்டேன், கலா."

"எதை?"

"அவனை. போனில் பெயரைப் போட்டேன். முன்பும் ஒருவனை அடித்து ஜெயிலில் மறியல் இருந்திருக்கிறான். பழைய பத்திரிகையில் படத்தோடு இருக்கிறது."

கலாவதி குடைக்கு வெளியே ஓரடி விலகினாள்.

"ஒரு கண் போன மனிதனை நினைத்தால் நித்திரை வரவில்லை. பிழையாக விட்டுவிடுவோமோ என்று பயம். உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன். வேறு யாருக்கும் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்தவள் ஈரக் கோட்டைக் கழற்றாமல் கபிலக் கம்பளத்தின் மேல் நின்றாள். உடனே எனக்குச் சொல்ல வேண்டும் என்று நீதிபதி சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் சொல்வதென்றால் யாரைச் சொல்வது? கெவினை. இந்த ஊரில் அவளுக்கு எத்தனை சீனி என்று தெரிந்த ஒரே ஆளை. சொல்வதென்றால் அதற்கு எங்கள் பாஷையில் என்ன பெயர் என்பதும் அவளுக்குத் தெரியும். காட்டிக் கொடுப்பது.

அந்த வார்த்தை மற்றச் சனத்துக்கு எப்படியோ, கலாவதியின் வயதொத்த எங்கள் ஆட்களுக்கு அது வெறும் வார்த்தை இல்லை. அவளுடைய தமையன் பரமேஸ்வரன் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில்தான் போனான். ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தி, ஒருவர் பின் ஒருவராக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடத்தினார்கள். ஜீப்புக்குள் தலையில் சாக்குப் போட்ட ஒருவன் இருந்தான். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் ஆள் அந்தப் பக்கம், ஆட்டாவிட்டால் ஆள் வீட்டுக்கு. பரமேஸ்வரன் முன்னால் வந்தபோது சாக்கு ஆடியது. என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. நான் செய்யவில்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் கொடுக்கவில்லை. ஆட்டியவன் யாரென்று இன்றுவரை தெரியாது. தாய் ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கி, கடைசியில் அந்த ஏக்கத்திலேயே கண்ணை மூடினாள். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அதனால்தான் கலாவதி ஈரக் கோட்டோடு அப்படியே நின்றாள். பேசாமல் இருந்தால் கூண்டுக்குள் இருக்கிறவனை அவனுக்கே தெரியாமல் ஒரு பழைய படம் தலையாட்டி அனுப்பிவிடும். பேசினால் கெவினை அவள் தலையாட்டி அனுப்புகிறாள். யாரிடமாவது கேட்கலாம் என்றால் கேட்கவும் கூடாதாம். மகனின் போன் வந்தது.

"சாப்பிட்டீங்களே அம்மா?"

"ஓம்."

"என்ன குரல் ஒரு மாதிரி?"

"மழைக்குள்ள நனைஞ்சிட்டன். வேற ஒண்டுமில்லை."

"கவனம். இஞ்சி போட்டுக் குடியுங்கோ" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

அடுத்தநாள் காலை அவள் செய்தது எங்கள் சனம் மட்டும் செய்யக்கூடிய வேலை. எந்தப் பிரச்சினையையும் வீட்டுக்குள்ளே பேசி முடிப்பது எங்கள் வழக்கம். வேலித் தகராறோ, புருஷன் அடித்ததோ, பொலிசுக்குப் போகாமல் ஒரு பெரிய மனிதரை வைத்து, அவனே வந்து சொல்லட்டும், அவனுக்கும் மரியாதை இருக்கட்டும் என்று அமத்திவிடுவோம். இந்த வழக்கம் எத்தனை குடும்பத்தைக் காப்பாற்றியது, எத்தனை பெண்களைக் குழிக்குள் தள்ளியது என்று கேட்டால் நான் நாளைக்கும் பேசிக்கொண்டிருப்பேன். கலாவதி கோர்ட் வாசலில் கெவினை மறித்தாள்.

"நீங்களே போய் நீதிபதியிடம் சொல்லுங்கோ. நீங்களாகச் சொன்னால் பெரிசாக எடுக்க மாட்டினம்."

கெவின் அவள் தோளில் தட்டினான். "யோசிக்காதீர்கள். இது என் தலைக்குள்ளேயே இருக்கும். நான் சாட்சியத்தை மட்டும் வைத்துப் பேசுவேன். சத்தியமாக."

சத்தியம் என்று சொல்லிவிட்டானே என்று அவள் மனம் ஆறினாள். நல்ல காலம், யாரையும் காட்டிக் கொடுக்காமல் முடிந்தது என்றுகூட நினைத்தாள். அட, பேய்ப் பெண்ணே.

ஜூரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் பாதிப் பேருக்கு மேல் சந்தேகப்பட்டார்கள். ஓடுகிற பஸ்ஸில் இருந்து, இருட்டும் நேரத்தில், மழை வழிந்த கண்ணாடிக்கூடாகப் பார்த்த முகத்தை வைத்து ஒருவனை எப்படி உள்ளே தள்ளுவது என்றார் தாடிக்கார இளைஞர் ஒருவர். தாய் பொய் சொல்கிறவளாகத் தெரியவில்லை என்றாள் ஒரு நேர்ஸ். மார்கரெட், எங்கள் ஏழாம் இலக்கம் என்ன நினைக்கிறார் என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காகத்தானே கலாவதி வந்தாள்! நிமிர்ந்து இருந்து, "அவர் செய்தாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. அந்தச் சாட்சிக்கும் வடிவாகத் தெரியாது எண்டு நினைக்கிறன்" என்றாள். பலர் ஆமோதித்தார்கள். அந்த ஒரு கணம் அவள் வாழ்க்கையில் நல்ல கணம்.

கெவினின் முகம் சிவந்துகொண்டு வந்தது. கொஞ்ச நேரம் பேனையை உருட்டினான். பிறகு பேனையை எறிந்துவிட்டு, "எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிந்தால் இப்படிப் பேச மாட்டீர்கள்" என்றான்.

"என்ன தெரியும்?" என்று கேட்டது அந்த நேர்ஸ்தான்.

அவ்வளவுதான். எல்லாம் வெளியே கொட்டுப்பட்டது. பழைய அடிபிடி, மறியல், பத்திரிகைப் படம், எல்லாம். தாடிக்கார இளைஞர் யன்னலைப் பார்த்தார். நேர்ஸ், அப்படியென்றால் அந்தத் தாயும் பொய்தான் சொல்லியிருப்பாள் என்றாள். சற்று முன் நம்பிய அதே வாய். மார்கரெட் மட்டும், இதை நாங்கள் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம் என்றாள். கேட்ட காதை எப்படி அவிழ்த்து வைப்பது? வெளியே சொன்னால் கெவினுக்குப் பிரச்சினை, எங்கள் எல்லோருக்கும் மினக்கேடு, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவோம் என்றது இன்னொரு குரல். மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். குற்றவாளி. குற்றவாளி. குற்றவாளி. ஏழாவது கதிரையில் வந்து நின்றது.

கலாவதிக்கு வாய் வரவில்லை.

"பேசக்கூடத் தேவையில்லை, கலா," என்றான் கெவின், பழைய கனிவோடு. "தலையை ஆட்டினால் போதும்."

அவன் பாவம், அவனுக்கு என்ன தெரியும்? நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் கலாவதிக்குக் கழுத்து விறைத்தது. அவள் மேசையில் இருந்த வெள்ளைத் தாளை இழுத்து எழுதத் தொடங்கினாள்.

"என்ன எழுதுகிறீர்கள்?"

"நீதிபதிக்கு."

"எனக்கு எதிராகவா?"

"ஓம்."

"நீ என்னைக் காட்டிக் கொடுக்கிறாயா?" கெவின் எழும்பிவிட்டான். "நான் உனக்கு என்ன செய்தேன்?"

அவன் ஒன்றும் செய்யவில்லை. நல்லது மட்டும்தான் செய்தான். கலாவதியின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடி எழுத்தில் விழுந்தது, துடைத்துவிட்டு எழுதினாள். எட்டாம் இலக்க ஜூரர் இன்ரநெற்றில் தேடிப் பார்த்தார், எங்கள் எல்லோருக்கும் சொன்னார், எனக்கு நேற்றே தெரியும். அடியில் தன் முழுப் பெயரையும் எழுதினாள். பெயர் கேட்கவில்லை, இலக்கம் போதும் என்றாள் மார்கரெட். "இல்லை, என்ரை பெயர் இருக்கட்டும்" என்றாள் கலாவதி. சாக்குக்குள் ஒளிந்திருந்து ஆட்டியவனைப் போலத் தான் செய்யக்கூடாது என்று அவளுக்கு இருந்தது. எழும்பிப் போய்க் கதவுக்குப் பக்கத்தில் இருந்த மணியை அழுத்தினாள்.

பிறகு நடந்ததெல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. நீதிபதி ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார். கெவினை வேறாக இருத்தி வைத்தார்கள். கடைசியில் மற்றவர்களை மறுபடியும் கதிரைகளில் இருத்தி, இந்த ஜூரி கலைக்கப்படுகிறது என்றார் நீதிபதி. கோபமில்லாத குரலில் இன்னொன்றும் சொன்னார். இது நடந்த உடனேயே எனக்குத் தெரிந்திருந்தால், ஒருவரை மட்டும் விலக்கிவிட்டு மற்றப் பதினொரு பேருடன் வழக்கைத் தொடர்ந்து முடித்திருக்கலாம். இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் வேறு வழியில்லை. எழுதி அறிவித்த ஜூரருக்கு என் நன்றி.

நன்றி என்ற சொல் கலாவதிக்குக் கேட்கவில்லை. உடனேயே என்ற சொல்தான் கேட்டது. அவள் தலையை உயர்த்திக் கூண்டைப் பார்த்தாள். டெரிக் ஒன்றும் விளங்காமல் தன் சட்டத்தரணியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். காவலர் கையைத் தொட்டதும் கீழே போகும் படிகளில் இறங்கிப் போனான்.

கோட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியேறும்போது அவளோடு ஒருவரும் பேசவில்லை. நேர்ஸ் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். மார்கரெட் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஆனால் அவளும் நிலத்தைப் பார்த்தாள். அன்றைக்கும் அவள் கொண்டுவந்திருந்த ரோல்ஸ் பெட்டி திறக்கப்படவேயில்லை. அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு கலாவதி மண்டபத்தைக் கடந்தபோது, தூணோரம் டெரிக்கின் தாய்க்குச் சட்டத்தரணி விளக்கிக்கொண்டிருந்தார். மறுபடியும் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். கோர்ட்டில் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. அடுத்த வருஷம் ஈஸ்ரருக்குப் பிறகுதான் திகதி கிடைக்கும். அதுவரைக்கும் அவர் மறியலில்தான் இருக்க வேண்டும், பிணை கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் நம்ப வேண்டாம்.

"அவன் ஒன்றும் செய்யவில்லை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. செய்தான் என்றும் சொல்லவில்லை," என்றாள் கிழவி. "பிறகு எதற்கு உள்ளே இருக்கிறான்?"

சட்டத்தரணி வழக்குக் கோப்பைக் கட்டினார்.

ஸ்டேஷன் மேடை வெறிச்சோடிக் கிடந்தது. கலாவதி வாங்கில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒருவர் வந்து இருப்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் டெரிக்கின் தாய். எழும்பிப் போகலாம் என்று நினைத்து ரோல்ஸ் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"நீங்களும் அவர்களில் ஒருவர்தானே?" என்றாள் கிழவி. "உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் என் மகனைப் பார்க்கவே இல்லை. நீங்கள் பார்த்தீர்கள்."

"ஓம்... யெஸ்."

"உள்ளே என்ன நடந்தது? ஏன் முடிக்காமல் விட்டீர்கள்?"

"எனக்குச் சொல்ல அனுமதியில்லை" என்றாள் கலாவதி, இங்கிலீஷில்.

"எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். பொலிசும் அதைத்தான் சொன்னது. மறியலுக்குப் போன் எடுத்தால் அங்கேயும் அதுதான்." கிழவி அவளுடைய கையைப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது. "நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எனக்குச் சொல்ல ஆளும் இல்லை. தயவுசெய்து."

அந்தக் கையை உதற கலாவதியால் முடியவில்லை. சாகும்வரைக்கும் என்று நீதிபதி சொன்னதை மீறவும் முடியவில்லை. நெஞ்சுக்குள் கிடந்தது தொண்டைவரை வந்து, வாயைத் திறந்தபோது தமிழாக வந்தது.

"அம்மா, உங்கட பிள்ளையை நியாயமில்லாமல் உள்ளுக்குத் தள்ளக் கூடாது எண்டுதான் நான் எழும்பினன். ஆனால் பிந்தி எழும்பினன். நேற்றே சொல்லியிருந்தால் இண்டைக்கு ஒரு முடிவு வந்திருக்கும். அந்தாள் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தது. என்னோட கதைச்சது. எனக்குக் கதைக்க ஒருத்தரும் இல்லை அம்மா, அதுதான் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். என்ரை தனிமைக்கு உங்கட பிள்ளை மறியலில கிடக்குது. என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ. என்ரை அம்மாவும் இப்பிடித்தான் வாசல் வாசலாய்க் கேட்டுத் திரிஞ்சவா. ஒருத்தரும் அவவுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

சொல்லச் சொல்ல அழுகை வந்தது. மூக்கைச் சிந்தினாள், மறுபடியும் சொன்னாள். நாள்கணக்கில் பேசாத பேச்சு. கிழவி ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து கலாவதி ஓய்ந்தபோது, இன்னும் கையை விடாமல் குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு விளங்கவில்லை" என்றாள். "இங்கிலீஷில் சொல்லுங்கள். ஒரு வார்த்தையாவது."

"ஏலாது அம்மா" என்றாள் கலாவதி, தமிழிலேயே.

கிழவி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு மேடையின் மறுகோடிக்கு நடந்து போனாள். ரயில் வந்தபோது வேறு பெட்டியில் ஏறினாள்.